மாமா பேச வைத்த இரண்டு கம்ப்யூட்டர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒற்றையறை வீடுகளில், யாரும் யாரிடமும் எதையும் கேட்கலாம். இன்றைக்கு என்ன கறி, புருஷன் ஏன் நேற்றுச் சாப்பிடாமல் படுத்தான், மகளுக்கு வந்த மாப்பிள்ளை ஏன் திரும்பிப் போனான், எல்லாவற்றையும் கேட்கலாம். பதில் சொல்லாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்த ஆளிடம், அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. வந்தவர் 'கம்பெனியில' என்பார். காலில் சப்பாத்து போட்டிருப்பார், கையில் கடிகாரம் இருக்கும். 'கம்பெனிதானே, நல்லது' என்று சொல்லிவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்தக் கம்பெனி ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டாக இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டில் சமைக்கும் குசினியாக இருக்கலாம். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் கேட்காமலிருப்பதுதான் மரியாதை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவருடைய கம்பெனி கம்ப்யூட்டர் கம்பெனி. எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் ஒரு கம்பெனி கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு மேடேறி வருவார். நான் நாலு லயத்துக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டு எதிரே ஓடுவேன். எனக்குப் பதினொரு வயதான வருஷம் அவர் தீபாவளிவரை காத்திருக்கவில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை பகலில், இரப்பர் செருப்போடு, கையில் ஒரு சொப்பிங் பையோடு வந்து வாசலில் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாலையில் மலையிலிருந்து வந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டுக் கூடையைக்கூட இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னாள். என்ன ஏது என்று அப்பாவும் கேட்கவில்லை, பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொன்னேனே.

அப்போது எங்கள் பாடசாலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இருந்தன என்றால் பெட்டிக்குள் இருந்தன. வெளிநாட்டு உதவிக்காரர்கள், தங்கள் ஊரில் கழித்துப்போட்டதைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். ஒன்று சின்னது, கொஞ்சம் புதிது. மற்றது பழையது, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதில் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் வரும். அதில் ஓடிய மென்பொருளின் பெயர் யுனிக்ஸ். எங்கள் அதிபர் அந்தச் சொல்லை ஏதோ தொற்றுவியாதியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

உதவிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டரையும் வயரால் இணைத்து, ஒன்றோடொன்று பேச வைத்துக் காட்ட வேண்டும். அவர்கள் வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். சரியாக இருந்தால் பாடசாலைக்குக் கம்ப்யூட்டர் பயிற்றுநர் என்று ஒரு வேலை வரும். ஆளின் பெயரை அதிபர் கொடுக்கலாம், கல்விக் கந்தோரில் இருக்கும் அதிகாரி கையெழுத்துப் போடுவார். இணைப்பதற்கான கார்டுகளும் வயரும் தனியாக ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. எப்படி இணைப்பது என்று சொல்லும் புத்தகம் மட்டும் வந்து சேரவில்லை. பண்டாரவளையிலிருந்து கூட்டிவந்த ஓர் ஆள் பழைய மெஷினைத் திறந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், மூடிவிட்டுப் போய்விட்டார்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியும் ஊருக்கு மாற்றம் கேட்காத மனிதர். அவர் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் கொம்பனியில எண்டு கேள்விப்பட்டன்."

"ஆமாங்க சேர்."

அதிபர் அதற்கு மேல் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவரும் எங்கள் வழக்கத்தைப் படித்துக்கொண்டுவிட்டார். "இதுக்குள்ள கிடக்கிறது யுனிக்ஸாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு கிழமையில அவையள் வரப்போகினம். நீர் இதைச் சரிக்கட்டித் தந்தீரெண்டா அந்த வேலைக்கு உம்மட பேரைத்தான் குடுப்பன்."

"பாக்குறேங்க சேர்" என்றார் மாமா. இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்று சாப்பிடும்போது அம்மா, "இங்கயே இருந்துரு தம்பி, கொழும்பு வேணாம்" என்றாள். "சரியா வந்துச்சுன்னா இருந்துருவேங்க்கா" என்றார் மாமா. ஆக, அந்த வேலை கிடைத்தால் அவர் கொழும்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. அவர் திரும்ப விரும்பவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் விரும்பவில்லை என்பது மட்டும் தெரியாது.

கம்ப்யூட்டர் அறை என்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிவைக்கும் அறையின் பாதி. எலிப் புழுக்கையும் பிஸ்கட் வாசமும் கலந்து வரும். மாமா பழைய மெஷினின் மூடியைக் கழற்றிய விதத்தைப் பார்த்தபோதே அதிபருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மா பிலாக்காய் அரிவதுபோல, பார்க்காமலே கை போனது. கார்டு என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதன் விளிம்பில் மங்கிக்கிடந்த பொன்னிறப் பற்களை என் அழிறப்பரை வாங்கித் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உள்ளே இருத்தினார். அதிபர், "தொழில் தெரிஞ்ச பெடியன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

மெஷினைப் போட்டதும் திரையில் எழுத்துகள் ஓடின. தன் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லும். மாமா என்னைப் பார்த்து, "பாப்பா, என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்றார்.

நான் வாசித்தேன். நான் இங்கிலீஷில் பரிசு வாங்கியவள். தோட்டத்துக் கந்தோரிலிருந்து வரும் கடிதத்தைக்கூட என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். அந்தத் தலைக்கனத்தோடு ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தேன். பொருள் எனக்கும் தெரியாது. அகராதியைப் புரட்டிப் பார்த்துச் சொல்வேன். மாமா என் இங்கிலீஷைச் சோதிக்கிறார் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரே சொல்லை மூன்று தரம் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"மாமா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?"

"எழுத்து தெரியும். சேத்துப் படிக்க வராது."

"அப்ப கம்பெனியில என்ன வேலை பாக்குறீங்க?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். மாமா கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "ஸ்டோர்ல. செத்துப்போன மெஷின் எல்லாம் அங்கதான் வரும். நல்ல சாமான கழட்டி வேறயா எடுத்து வைப்பேன். பெட்டி தூக்குவேன். இஞ்சினியர்மாருக்குத் தேத்தண்ணி ஊத்துவேன்."

யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவர் சொல்லவில்லை. லயத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். எனக்கோ அதைக் கேட்டு ஏமாற்றம்கூட வரவில்லை. மாமாவுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமைதான் வந்தது. பதினொரு வயதில் அதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது.

அதன் பிறகு அவர் மறைக்கவில்லை. சொப்பிங் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது இஞ்சினியர்மாரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர்கள் தட்டுவதை எல்லாம் படம்போல வரைந்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை. திரையில் வருவது சின்ன எழுத்து. விசைப்பலகையில் இருப்பது பெரிய எழுத்து. எந்தச் சின்னதுக்கு எந்தப் பெரியது என்று இருபத்தாறையும் எதிரெதிரே எழுதியிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டுவார். எனக்குப் பொறுமை இல்லை. நான் தட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வசனம் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபடியே தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று யுனிக்ஸ் ஒவ்வொரு தடவையும் முகத்தில் அடித்தது. அரை நாள் போன பிறகு மாமாதான் கண்டுபிடித்தார். "நீ தட்டுறதுல மொத எழுத்து மட்டும் வேற மாதிரி இருக்கு பாப்பா. கொப்பியில அப்படி இல்ல." வாசிக்கத் தெரியாதவர் கண்ணுக்குத் தெரிந்தது, பரிசு வாங்கியவள் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை நான் அன்று யோசிக்கவில்லை, கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

கார்டு உள்ளே இருந்தும் மெஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வரியில் ஒரு எண்ணும் ஒரு நீளச் சொல்லும் வந்தன. அகராதியில் அதற்கு மோதல் என்று இருந்தது. நான் சொன்னதும் மாமா சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "கங்காணி கொழுந்து பறிக்க ரெண்டு பேருக்கு ஒரே நிரையக் குடுத்துட்டாருன்னா என்னாகும்? சண்டைதான். இவனுக்கு வேற நிரை குடுப்போம்." கார்டைக் கழற்றினார். அதில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்புத் தொப்பிகள் ஊசிகளில் மாட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் மாட்டினார். இந்த நிறக் கார்டு ஸ்டோருக்கு வந்தால் இஞ்சினியர்கள் முதலில் அந்தத் தொப்பியைத்தான் மாற்றுவார்களாம். மாற்றியதை யுனிக்ஸுக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் அது தன்னைத் தானே பிரித்துத் திரும்பக் கட்டிக்கொள்ளும். அதற்கு அரை மணி நேரமாகும். கரண்ட் இடையில் போனால் திரும்பவும் முதலிலிருந்து. அந்த நாட்களில் கரண்ட் போகாத நாளில்லை. நாலு தரம் கட்டினோம். ஐந்தாம் தரம் கார்டின் பெயர் திரையில் வந்தது. மாமா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆனாலும் மெஷின்கள் பேசவில்லை. சின்னதிலிருந்து கூப்பிட்டால் பெரியது பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் மாமா வயரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவிக்காரர்கள் வர நாலு நாள்தான் இருந்தது. வீட்டிலும் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். பிறகு ஒரு காலையில் பாடசாலை மணி அடிக்கும் முன்பே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைக் கொட்டித் தேடினார். அந்த வகை வயரின் இரண்டு முனையிலும் விரல் நுனி அளவில் ஒரு உலோக மூடி போட வேண்டுமாம். பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. மற்றது கப்பலில் விழுந்ததோ, யார் பிள்ளை எடுத்து விளையாடியதோ. வெறும் மூடி என்றால் துணியைச் சுற்றிக் கட்டிவிடலாமே என்றேன். "அதுக்குள்ள ஒரு சாமான் இருக்கு பாப்பா. ஸ்டோர்ல இல்லாட்டி அவங்க ரேடியோ சாமான வச்சுக் கட்டுவாங்க. நான் பாத்திருக்கேன்."

பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனோம். பஜாரில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் ஒருவர் இருந்தார், எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். மாமா கொப்பியைத் திறந்து, வரைந்து வைத்திருந்ததைக் காட்டினார். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அம்பது ஓம் ரெசிஸ்டர் நம்மகிட்ட இல்ல மகன். நூறு ரெண்டு தாரன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஒட்டினா அம்பதுதானே. கொம்பியூட்டருக்கா கேக்குறீங்க?"

"ஆமாங்க நானா. இஸ்கூல்ல."

"நல்ல வேல" என்றார் நானா. ஒரு பழைய பிளக்குக்குள் வைத்து ஈயம் ஊற்றி ஒட்டியும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர்கள் அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர் நடந்த காலம்; அது எங்களுக்கு மழைபோலப் பழகிய விஷயம். ஆனால் மாமாவின் கை என் கையை நெரித்தது. அவர் உள்ளங்கை முழுக்க வேர்வை. அந்தக் குளிரில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வேர்க்குமா என்று நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை. அட்டையைப் பார்த்தவர் என்ன தொழில் என்று சிங்களத்தில் கேட்டார். பாடசாலையில் வேலை, இது அக்காவின் மகள் என்று மாமா சிங்களத்தில் சொன்னார். போகச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், "பொய்தானே சொன்னீங்க?" என்றேன்.

"இன்னும் மூணு நாள்ல உண்மையாயிரும்" என்றார்.

பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த முறை வருவதற்கு முன்னால், கொழும்பில் ஏழு பேர் தங்கியிருந்த அறையிலிருந்து பொலிஸ்காரர்கள் மாமாவை அள்ளிக்கொண்டு போய் இருபத்தாறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். தமிழ்ப் பெயர், ஓர் அறையில் ஏழு பேர், மூலையில் ஒரு சாக்கு நிறைய வயர். கழித்துப்போட்ட கார்டுகளை வைத்துப் பழகுவதற்காக ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி வந்த வயர் அது. குண்டு வைக்க அல்ல, பழகத்தான் என்று அவர் சொன்னதை யார் நம்புவார்கள். அவரைப் பார்த்தால் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் மாதிரியா இருக்கிறது.

மூடியைப் போட்ட அன்று, வகுப்புகள் முடிந்த பிறகு, சின்ன மெஷினிலிருந்து பெரியதைக் கூப்பிட்டோம். முதலில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொரு வரி. பிறகு நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதிபர் ஓடிவந்து பார்த்தார். தோளில் தட்டி, "நீர் இனி எங்கட ஆள்" என்றார். மாமா பிஸ்கட் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

உதவிக்காரர்கள் தரப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரும் நம்முடைய ஆள்தான். ஏதோ ஒரு தோட்டத்தில் லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். அம்மாவும் அப்பாவும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்வரிசையில் நின்றார்கள். மாமா அப்பாவின் கல்யாணச் சட்டையைப் போட்டிருந்தார். சின்ன மெஷினில் மாமா தட்ட, பெரிய மெஷினின் வரவேற்பு வரி அதில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அதிபர், "இவர் கொழும்பில ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில இருந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார். அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சட்டையைப் பார்த்தார், காலிலிருந்த இரப்பர் செருப்பைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. லயத்தில் பிறந்தவருக்குத் தெரியாமலா போகும். "கம்பெனியிலதானே, நல்லது தம்பி" என்றார். இன்று நினைத்தால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வெள்ளைக்கார அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வேலைக்கான நிபந்தனைகள், இங்கிலீஷில் இரண்டு பக்கம். வாசித்துப் பார்த்து, விளங்கியது என்று கையெழுத்துப் போடும்படி மாமாவிடம் நீட்டினார். "சும்மா அடியில கையெழுத்த போட்டுருங்க தம்பி, நான் பக்கத்துல போட்டுர்றேன்" என்று அதிகாரி அவசரமாகப் பேனையைத் திறந்து கொடுத்தார். அந்த அம்மாவோ மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தாளைப் பிடித்து, கண்ணை வரிவரியாக நகர்த்தினார். கொழும்பில் பழகியிருப்பார். நன்றாகவே நடித்தார். பாதிப் பக்கம்வரை வந்துவிட்டார்.

நான் முதல் வரிசையில் நின்றேன். பதின்மூன்று நாள் அந்த அறையில் ஒவ்வொரு வரியையும் நான்தான் வாசித்தேன். கைதட்டலில் என் பங்கு யாருக்கும் தெரியாமல் போகிறதே என்று எனக்கு ஆற்றாமை. மாமா கஷ்டப்படுகிறார், உதவ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை, எது கூடுதல் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. போய் அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். அந்த அம்மாவை அண்ணாந்து பார்த்து, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல ஒரு பிழையில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன்: என் மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அவர் ஸ்டோரில் பெட்டி தூக்குகிறவர், நான்தான் அவருக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரரிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டி, கெட்டிக்காரப் பிள்ளை என்றார். பிறகு அதிபரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கான மரியாதை என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். சொல்லாமல் இருந்தவரை அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; தெரிந்தும் கையெழுத்துப் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். சொல்லிவிட்ட பிறகு யாராலும் முடியவில்லை. அதிகாரி பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அந்தம்மா கேட்டுட்டாங்களே சேர். இனி நான் எப்படிப் போடுறது" என்று அதிபரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எதைப் பற்றி என்று எனக்குப் புரியவில்லை.

எல்லோரும் போன பிறகு மாமா மெஷின்களை ஒழுங்காக நிறுத்தினார். யுனிக்ஸை நேரே சுவிட்சில் அமத்தக் கூடாது, முதலில் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் அமத்த வேண்டும் என்று அதிபருக்கு இரண்டு தரம் காட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் தலையில் கை வைத்து, "நல்லா பேசுன பாப்பா" என்றார். குத்திக்காட்டிப் பேசத் தெரியாத மனிதர். நான் பரிசு வாங்கியதுபோலப் பூரித்துப் போனேன். இன்று பண்டாரவளையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். நன்றாகப் பேசுகிறாய் என்று எந்தப் பிள்ளையையும் என்னால் பாராட்ட முடிவதில்லை.

வேலை வரவில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் மாமா கொழும்புக்கு ரயிலேறினார். ஸ்டேஷனில் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பையின் வாரையே சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு வரவில்லை. அறையில் இருந்த எல்லோரையும் மறுபடி அள்ளிக்கொண்டு போனதாக, தப்பி வந்த ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் வந்து சொன்னார். அம்மாவும் அப்பாவும் கொழும்புக்குப் போனார்கள். கம்பெனியில், அப்படி ஓர் ஆள் தங்கள் பெயர்ப் பட்டியலில் இல்லை என்றார்களாம். பொலிஸிலும் இல்லை என்றார்களாம். பிறகும் இரண்டு தரம் போனார்கள். மாமா இன்றுவரை வரவில்லை.

அவர்கள் முதல் தரம் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரம் கரண்ட் திடீரென்று போய், யுனிக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டிருந்தது. திரும்பப் போட்டால் எழுந்திருக்கவில்லை. அம்மா சேலைகூட மாற்றாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் முன்னால் நின்று, "மாமா எப்பம்மா வருவாங்க? கம்ப்யூட்டர் நின்னுபோச்சாம். சேர் கட்டாயம் வரச் சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம், உன் வாயால்தான்டி போனான் என்று. பிறகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கலாம், சாகும்வரை சொல்லவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்புடு" என்றாள்.

நான் சாப்பிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டாததால், நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.